கடல் கடந்தவரின் குலதெய்வம்

கடல் கடந்து போன முன்னோரின் ஊரும் குலதெய்வமும் மறந்துபோனால், அவர் வழிவந்தவர்கள் வழிபாட்டுக் கடனை எங்கே போய்த் தீர்ப்பது? நேட்டால், மொரிசியஸ், பிஜி, மலேசியா, இலங்கை மலையகம் ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாகச் சுமந்துவரும் கேள்வி இது. தென்தமிழ்நாட்டு வழக்கில் குலதெய்வம் தந்தை வழியாக வருவது. அதன் கோயில் ஒரு குறிப்பிட்ட ஊரில், கண்மாய்க் கரையிலோ காட்டோரத்திலோ இருக்கும். பிள்ளைக்கு முதல்முடி எடுப்பதும், காது குத்துவதும், கல்யாணப் பத்திரிகையின் முதல் படியை வைத்துக் கும்பிடுவதும் அங்கேதான். ஊர் தெரியாவிட்டால் சாமி தெரியாது. சாமி தெரியாவிட்டால் பங்காளி யாரென்றும் தெரியாது. ஆகவே இக்குடும்பங்களில் பூர்வீகத் தேடல் சமயக் கடமையாகவே தொடங்குகிறது.

ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைத் தேடுவோருக்கு ஆவணம் ஓரளவு கைகொடுக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 இந்தியர்கள் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகியவை கப்பல் பட்டியலில் ஏறின. மொரிசியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. புகைப்படங்களும் அவற்றில் உண்டு. ஆளை அடையாளம் காணவும், தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்கவும் எடுத்த படங்கள் அவை. பூட்டனின் முகத்தை இன்றைய பிள்ளைகள் முதன்முதலாகப் பார்ப்பது அந்தப் படங்களில்தான்.

பட்டியலில் ஊர் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. ‘மதுரை ஜில்லா’ என்ற பதிவையே எடுத்துக்கொள்ளலாம். 1910இல் இராமநாதபுரம் தனி ஜில்லா ஆகும்வரை சிவகங்கைச் சீமையும் இராமநாதபுரச் சீமையும் மதுரையில் அடக்கம். திண்டுக்கல், பழனி, கொடைக்கானல் பகுதிகள் 1985 வரையிலும் தேனிப் பக்கம் 1996 வரையிலும் மதுரை மாவட்டத்தில் இருந்தன. ஆக, 1880இல் எழுதப்பட்ட ‘மதுரை’ என்ற சொல் பாம்பன் கடலிலிருந்து பழனி மலை முகடு வரை எதையும் குறிக்கலாம். கீழ்ப்பழனி மலையிலுள்ள தாண்டிக்குடியிலிருந்து ஒருவர் பஞ்சத்தில் கீழே இறங்கியிருந்தால், அய்யம்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ சில காலம் கூலிவேலை பார்த்துவிட்டு, ஆள் பிடிப்பவரிடம் அந்த அடிவார ஊரையே தன் ஊராகச் சொல்லியிருக்கக்கூடும். எழுத்தர் அதைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். நத்தம், புதூர், பாளையம் என்று முடியும் ஊர்கள் ஜில்லா முழுக்க இருக்க, அதில் எது என்பதைப் பதிவேடு சொல்லாது. கருப்பன் மகன் மூக்கன் என்ற பெயரும் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், அந்தந்த நாட்டு எழுத்தர் தகப்பன் பெயரையோ சாதிப் பட்டத்தையோ குடும்பப் பெயராக்கினார். நேட்டாலில் கவுண்டர் ‘கோவெந்தர்’ ஆனதும் முதலியார் ‘மூட்லி’ ஆனதும் அப்படித்தான்.

கங்காணி வழியாக இலங்கைக்குப் போனவர்களின் நிலை இன்னும் கடினம். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் கூட்டமாகச் சேர்த்து, கரையோரத்திலிருந்து தோணியில் மன்னாருக்கு ஏற்றி, அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடத்திப் போனார். தொடக்க காலத்தில் ஆளாளுக்குப் பதிவு கிடையாது. கங்காணியின் நினைவுதான் பதிவேடு. இந்த வெற்றிடத்துக்குப் பிற்காலத்தில் கொடுக்க நேர்ந்த விலை மிகப் பெரியது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புச் சான்றிதழ் என்பதையே அறியாத, தோட்டத்து லயங்களில் வாழ்ந்த மக்கள் எதைக் காட்டுவார்கள்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் வந்தவர்களில் பலர் தங்கள் பாட்டன் ஊருக்குப் போகவில்லை. போக ஊர் தெரியவில்லை, தெரிந்தாலும் அங்கே நிலமில்லை. நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் போய், மலையில் பழகிய கையோடு மலையிலேயே கூலிவேலை தேடினர்.

இந்தியப் பக்க ஆவணங்கள் நிலமுள்ளவரையே நினைவில் வைத்திருக்கின்றன. சிட்டாவும் அடங்கலும் பட்டாதாரரின் பெயரைச் சொல்லும். பண்ணையாளின் பெயரைச் சொல்லாது. கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடுகள் உதவும். மதுரை மிஷன் இயேசு சபையினரின் பழைய ஆவணங்கள் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் காக்கப்படுகின்றன. மரபணுச் சோதனை தென்னிந்தியாவைக் காட்டும், கிராமத்தைக் காட்டாது. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திருமணம் நடந்த சமூகங்களில், தூரத்து உறவினரும் நெருங்கியவர்போல் அதில் தோன்றுவர்.

எழுத்து கைவிடும்போது சாமி துணைக்கு வருவதுண்டு. வீட்டில் பரம்பரையாகக் கருப்பணசாமிக்குப் படையல் போட்டுவந்தால் மதுரை, சிவகங்கைப் பக்கம் என்று ஊகிக்கலாம். சுடலைமாடன் என்றால் திருநெல்வேலிச் சீமை. பச்சையம்மன் என்றால் வடமாவட்டங்கள். குடிபெயர்வோர் தாய்க்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் சாமியை நிலைநிறுத்துவது இங்கே நெடுநாள் வழக்கம். அது சாமிக்கே எழுதப்பட்ட குடிபெயர்வுப் பத்திரம் என்று கொள்ளலாம். ஆனாலும் இந்தச் சான்றை அளவோடுதான் நம்ப வேண்டும். ஒரே தோட்டத்தில் பல சீமைக்காரர்கள் கலந்து வாழ்ந்தபோது, பக்கத்து லயத்தின் முனியாண்டியைப் பேரப்பிள்ளைகள் தங்கள் சாமியாக ஏற்றுக்கொண்டதும் உண்டு.

எல்லாம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் கடன் தீராதா? சமய வழக்கு இதற்கு விடை வைத்திருக்கிறது. இல்வாழ்வானின் கடமைகளில் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, ஓம்புவதை வள்ளுவர் முதலில் வைத்தார். அவர்களின் ஊர் தெரிய வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறைப் பெயரோடு கோத்திரமும் சொல்ல வேண்டும். கோத்திரம் அறியாதவர் காசியப கோத்திரம் என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. சடங்கின் முடிவில், தாய் தந்தை உற்றார் கோத்திரம் என்று சொல்ல எவரும் இல்லாதவர்களுக்கும் சேர்த்து நீர் விடப்படுகிறது. குலதெய்வம் தெரியாதவர்கள் முருகனையே குலதெய்வமாகக் கொள்வதும் பரவலான வழக்கம். இடும்பன் வடக்கேயிருந்து இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்து பழனியில் இறக்கியதாகப் புராணம் சொல்கிறது. முருகன் பழனிக்குத் தாண்டியது தாண்டிக்குடியிலிருந்துதான் என்பது அங்குள்ள பாலமுருகன் கோயிலின் தல நம்பிக்கை. இடம்பெயர்ந்த சாமியை இடம்பெயர்ந்தவர்கள் பற்றிக்கொண்டது இயல்பே. மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசக் காவடி எடுக்கப்படுகிறது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உடல்தான் தாய் தந்தையர் தந்தது. உயிர் அநாதி, அதற்குக் குலமும் ஊரும் இல்லை. மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் புல்லில் தொடங்கித் தேவர் வரை தாம் எடுத்த பிறவிகளை வரிசையாகச் சொல்கிறார். அவ்வளவு பிறவிக்கும் ஊர் தேட முடியுமா என்று கேட்பவருக்கு, இந்தப் பிறவியின் உடலும் வளர்ப்பும் யாரால் வந்ததோ அவருக்குக் கடன் உண்டு என்று சொல்லலாம். அவ்வளவு போதும். பூர்வீகம் உயிரின் இயல்பு என்று கொண்டால்தான் சிக்கல். அதை நன்றிக்கடன் என்று கொண்டால் ஆவணம் இல்லாமலும் செலுத்தலாம்.

இதனினும் கடினமான கேள்வி, முன்னோரின் மௌனத்தை என்ன செய்வது என்பது. எல்லா மறதியும் எழுத்தர் பிழையால் வந்ததன்று. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டுக் கிளம்பியவர் ஊர்ப் பேச்சையே எடுக்காமல் இருந்திருக்கலாம். கணவனையோ மாமியார் வீட்டையோ விட்டு ஓடிவந்த பெண், தேடி வராதிருக்க வேண்டுமென்றே வேறு ஊர் சொல்லியிருக்கலாம். தீண்டாமைக்கு ஆளானவர் கப்பலடியில் புதுப் பெயரும் வேறு சாதியும் எழுதிக்கொண்டிருக்கலாம். அவருக்குக் கிடைத்த முதல் விடுதலை அந்தப் பொய்யே. அத்தகையவரின் வழிவந்தவர்கள் பதிவேட்டின் சாதியை நம்பி, அந்தச் சாதிக்குரிய கோயிலில் உரிமை கேட்டுப் போய் நிற்பது முன்னோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குறி கேட்டும் பிரசன்னம் பார்த்தும் ஓர் ஊரை உறுதியாக்கிக்கொள்வது அதைவிடத் தவறு. இறந்தவர் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைக்கும் செயல் அது. ‘மதுரை ஜில்லா, ஊர் தெரியவில்லை’ என்று வம்சவரிசையில் எழுதி நிறுத்துவதே நேர்மையான எழுத்து.

சொந்த ஊரிலேயே இருப்பவர்களின் ஆதியும் அப்படியொன்றும் தெளிவாக இல்லை. பழனி மலையின் குன்னுவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்ற வழிவழிச் செய்தியை ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியான மதுரை நாட்டு நூலில் பதிந்திருக்கிறார். அவர்களுக்கு முன்பே இம்மலைகளில் கல்திட்டைகள் இருந்தன. இயேசு சபைக் குருக்கள் ஆங்லேடும் நியூட்டனும் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பிற்காலத்தில் தொல்லியலாளர் கா. ராஜன் தாண்டிக்குடியிலேயே அகழாய்வு செய்தார். ஈமச் சின்னங்கள் கிடைத்தன. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயரைச் சொல்லும் வாரிசு எவரும் இல்லை.

ஊர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டாலும் கடைசி முடிவு ஆவணத்தின் கையில் இல்லை. மொரிசியஸின் இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை தர 2024இல் இந்திய அரசு முன்வந்தது. அந்த அட்டைக்குப் பதிவேடு போதும். குலதெய்வக் கோயிலிலோ பங்காளிகள் கூடி முடிவெடுக்க வேண்டும். வந்தவரின் தாத்தா பெயரையும், போன காலத்தையும், வீட்டில் சொல்லிவந்த சாமி பெயரையும் பெரியவர்கள் விசாரிப்பார்கள். ஒத்துவந்தால் அவரிடம் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். வரி வாங்கிய நாளிலிருந்து அவர் பங்காளி. அந்தப் பங்காளிகள் அவர் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். சாவு விழுந்தால் தீட்டுக் காப்பார்கள்.