பெயரும் தொழில், பெயராக் கடன்

மனிதன் தொழிலைத் தேடிப் போவது பண்டு தொட்டு வரும் வழக்கம். தொழில் மனிதனைத் தேடிக் கடல் கடந்து வருவது கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பெருகிய வழக்கம். கூலி எங்கே குறைவு, துறைமுகம் எங்கே அண்மையில் உள்ளது, வரிச்சலுகை எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்றெல்லாம் கணக்கிட்டு ஒரு தொழிற்சாலை இடம் பெயர்கின்றது. அது வந்து சேரும் ஊரில் புதிய வீடுகள் எழுகின்றன. பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். அது விட்டு நீங்கிய ஊரிலோ கடைகள் மூடப்படுகின்றன. இளைஞர் ஊரைவிட்டு வெளியேறுகின்றனர். ஓர் ஊரின் வாழ்வு இன்னோர் ஊரின் தாழ்வாக அமையும்போது, வாழ்வு பெற்றவர் குற்றம் செய்தவர் ஆவாரா? தாழ்வுற்றவருக்கு யாரேனும் கடன்பட்டிருக்கின்றாரா? பொருளியல் வல்லுநரிடம் மட்டும் விட்டுவிடத் தக்க வினாக்கள் அல்ல இவை. அறத்தைப் பற்றிக் கற்பிப்போரும் கற்போரும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

மலேசிய, சிங்கைத் தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. நம் முன்னோர் பலர் இம்மண்ணுக்கு வந்ததே ஒரு தொழில் இடம் பெயர்ந்ததன் விளைவாகத்தான். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டு அமேசான் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அக்கன்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயா எங்கும் பரவின. அவற்றில் பால் வெட்டக் கங்காணிகள் வழியே தமிழகத்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். 1913ஆம் ஆண்டளவில் ஆசியத் தோட்ட ரப்பரின் அளவு பிரேசிலின் காட்டு ரப்பரை விஞ்சிவிட்டது. ரப்பர்ச் செல்வத்தால் இசையரங்கு கட்டி மகிழ்ந்திருந்த மனாவுஸ் நகரம் பொலிவிழந்தது. நம் பாட்டன் பாட்டியர் ஏந்திய பால்வாளிக்குப் பின்னே அவர்கள் காணாத ஒரு நதிக்கரையின் வீழ்ச்சி இருந்தது.

அவ்வீழ்ச்சிக்கு அவர்கள் பொறுப்பாளிகளா? அல்லர். பிழைப்பை நாடி வந்த ஏழை, தான் பெற்ற வேலை எவரிடமிருந்து நழுவியது என்று அறிந்திருக்க வழியில்லை. மேலும், அமேசான் காட்டில் பால் எடுத்தவன் வணிகனிடம் பட்ட கடனில் கட்டுண்டு கிடந்தான். மலாயாத் தோட்டத்தில் பால் வெட்டியவன் லயத்து அறைக்குள் ஒடுங்கிக் கிடந்தான். தொழில் பெயர்ந்தது, உழைத்தவனின் எளிமை மட்டும் இரு கரைகளிலும் மாறவில்லை. இந்த உண்மை நம் வினாவிற்கு விடை காண உதவும்.

அடுத்த பெயர்ச்சியை நம் பெற்றோர் தலைமுறை கண்டது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டு பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. ஜூரோங் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாகத் தொடங்கியது. அன்று பலர் அதனைக் ‘கோவின் மடமை’ என்று எள்ளினர்; கோ கெங் சுவீ அதனைப் பொருட்படுத்தவில்லை. 1968இல் அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் சிங்கப்பூருக்கு வரலாயின. பினாங்கு 1969இல் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்து வேலையின்மையால் வாடியபோது, அங்கே முதலமைச்சரான லிம் சொங் இயூ தொழிற்சாலைகளை நாடினார். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிக வட்டாரம் அமைந்தது. கம்பங்களிலிருந்து மலாய்ப் பெண்களும், நகர்ப்புறத்திலிருந்து சீனப் பெண்களும், தோட்டப்புறத்திலிருந்து தமிழ்ப் பெண்களும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். நுண்பெருக்காடியில் கண்பதித்து, மயிரிழையினும் மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினர். கண்கள் களைத்தன என்பது மெய்யே. ஆயினும், தம் கையால் ஈட்டிய சம்பளம் அப்பெண்களுக்குக் குடும்பத்தில் ஒரு சொல்லுரிமையைத் தந்தது என்பதும் மெய்யே. இவ்வாக்கத்தை எவரும் இழிவாகப் பேச முடியாது.

மறுகரையை இனி நோக்குவோம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்பது எஃகு நகரம். 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், திங்கட்கிழமை, அங்கிருந்த பெரிய எஃகு ஆலை ஒன்று மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. ஏறத்தாழ 5,000 பேர் வேலையிழந்தனர். அந்நாளை அவ்வூரார் இன்றும் ‘கருப்புத் திங்கள்’ என்கின்றனர். சப்பானிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்த எஃகு ஒரு காரணம். பழைய உலைகளை உரிய காலத்தில் புதுப்பிக்காமை மற்றொரு காரணம். நாடு முழுவதையும் நோக்கினால், 1979இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 1 கோடியே 95 இலட்சம் பேர் உழைத்தனர். 2010இல் அத்தொகை 1 கோடியே 15 இலட்சமாகக் குறைந்தது. இவ்விழப்பு முழுவதும் ஆசியாவால் வந்ததன்று. இயந்திரங்களும் பெரும்பங்கு கொண்டன. எனினும், 2001இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு இழப்பு விரைந்தது என்பதை ஆய்வாளர் பலர் காட்டியுள்ளனர்.

இந்நிலைக்கு உலகம் மூன்று விடைகளைச் சொல்லி வருகின்றது. முதல் விடை பொருளியலாருடையது. 1817இல் டேவிட் ரிக்கார்டோ இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் எடுத்துக்காட்டி, ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பளவில் எளிதானதைச் செய்து பிறநாட்டோடு மாற்றிக்கொண்டால் இரு நாடுகளும் பயன்பெறும் என்று நிறுவினார். கணக்கில் பிழையில்லை. ஆனால், முதலாளிகள் தம் முதலை அயல்நாட்டிற்கு அனுப்பத் தயங்குவர் என்றும் அவர் கருதியிருந்தார். அத்தயக்கம் இன்று பெரிதும் மறைந்துவிட்டது. மேலும், ‘நாடு பயன்பெறும்’ என்னும் தொடரில் நாடு என்பது யார்? மலிவான சட்டை வாங்கிய பத்து இலட்சம் பேரின் சிறு மகிழ்ச்சியைக் கூட்டி, வேலையிழந்த ஆயிரம் பேரின் பெருந்துயரை அதிலிருந்து கழித்தால் மிச்சம் வரலாம். அம்மிச்சத்திலிருந்து அந்த ஆயிரம் பேருக்கு ஒரு காசும் போய்ச் சேராவிட்டால், கணக்கு சரியாக இருந்தும் அறம் பிழைத்துவிடும்.

இரண்டாம் விடை நாட்டுப்பற்றின் பெயரால் எழுவது. ‘இவ்வேலை எம்முடையது, அயலார் திருடிக்கொண்டனர்’ என்பது அதன் குரல். 2025இல் அமெரிக்கா பல நாடுகளின் பொருள்கள்மீது பெருந்தீர்வைகளை அறிவித்தபோது இக்குரலை உலகம் உரக்கக் கேட்டது. ஆயின் பினாங்கில் கம்பி பொருத்திய பெண் எவருடைய பொருளையும் திருடவில்லை. கிடைத்த வேலையை ஒழுங்காகச் செய்தாள், அவ்வளவே. ஒருவன் முதலில் செய்தான் என்பதற்காக ஒரு தொழில் அவன் நாட்டிற்கே என்றென்றும் உரியதாகுமானால், ரப்பர் பிரேசிலுக்கே உரியதாகி இருக்க வேண்டும். பருத்தி நெசவு இந்தியாவை விட்டு இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போயிருக்கவே கூடாது. ஏழை நாட்டினன் என்றும் ஏழையாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் எந்த நீதியும் நீதியாகாது.

மூன்றாம் விடை நமக்கு மிகவும் பழக்கமானது. ‘எல்லாம் ஊழ்’ என்பது அது. இக்காலத்தில் ஊழுக்குச் ‘சந்தை’ என்று புதுப்பெயர் சூட்டியுள்ளனர். மழை பொய்ப்பது போலவும் வெள்ளம் வருவது போலவும் ஆலை மூடப்படுவதைப் பேசுகின்றனர். ஆனால், மழைக்குக் கையெழுத்து இல்லை. ஆலை மூடும் ஆணைக்குக் கையெழுத்து உண்டு. ஓர் அறையில் சிலர் அமர்ந்து, சில எண்களைப் பார்த்து, ஒரு நாளைக் குறித்து எடுத்த முடிவு அது. முடிவு தவிர்க்க இயலாததாகவும் இருக்கலாம். ஆயினும், மனிதர் எடுத்த முடிவுக்கு மனிதரே பொறுப்பு. ஊழ் என்னும் சொல் துயருற்றவனுக்கு ஆறுதலாகலாம். துயருக்குக் காரணமானவன் அதன் பின்னே ஒளிந்துகொள்ளக் கூடாது.

யங்ஸ்டவுன் தொழிலாளர் இதனை ஒரு வழக்காகவே எடுத்துச் சென்றனர். அந்நகரின் வேறு ஆலைகளை மற்றொரு நிறுவனம் மூட முற்பட்டபோது, 1980இல் அவர்கள் நீதிமன்றம் ஏகினர். தலைமுறைகளாக ஓர் ஊரும் ஓர் ஆலையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்திருப்பதால், அவ்வுறவிலிருந்தே ஊருக்கு ஒருவகை உடைமையுரிமை பிறந்திருக்கக் கூடுமோ என்று நீதிபதி தாமஸ் லாம்பரஸ் விசாரணையில் வினவினார். ஆனால், அப்படியோர் உரிமையைச் சட்டம் அறியவில்லை என்று அவரே இறுதியில் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. எட்டாண்டுகள் கழித்து, 1988இல், நூறு பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கமர்த்திய நிறுவனங்கள் ஆலையை மூடுவதற்கு 60 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. தலைமுறைகளின் உழைப்புக்குச் சட்டம் வழங்கிய விலை அறுபது நாள்!

நீதிபதியின் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால், அவர் எழுப்பிய வினா தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. தமிழில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பெற்றதைத் திருப்பித் தருவதும் கடன். செய்ய வேண்டிய கடமையும் கடன். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் மொழி, பெற்றவனுக்கே கடமை உண்டு என்னும் கருத்தை உள்ளே வைத்திருக்கின்றது எனலாம். தொழில் எந்த நாட்டிற்கும் நிலையான சொத்தன்று, அது பெயரும். ஆனால், அத்தொழிலால் பயன்பெற்றோர் அதனைச் செய்த மனிதருக்குப் பட்ட கடன் தொழிலோடு சேர்ந்து பெயர்ந்துவிடாது. ஆலையால் ஈட்டிய முதலாளிக்கும், வரி பெற்ற அரசுக்கும், மலிவுப் பொருள் வாங்கிய நுகர்வோர்க்கும் அக்கடனில் பங்குண்டு. திருக்குறள் ஒப்புரவறிதலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. இரப்பவனுக்கு இரங்கி இடுவதைக் கூறும் ஈகைக்கு முன்னே அது நிற்பதைக் கருத வேண்டும். வேலையிழந்தவன் கேட்பது ஈகையன்று, ஒப்புரவு.

இக்கொள்கையின் மெய்ம்மை, இழப்பு நம் பக்கம் வரும்போதுதான் சோதிக்கப்படும். அது வந்துகொண்டும் இருக்கின்றது. கூலி குறைவென்று 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு வந்த ரோலை என்னும் செருமானியப் புகைப்படக் கருவி நிறுவனம் 1981இல் நொடித்துப் போயிற்று, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 2009இல் அங் மோ கியோவில் இயங்கிய வன்தட்டு ஆலையை மூடுவதாக சீகேட் அறிவித்தபோது, ஏறத்தாழ 2,000 பேர் பாதிக்கப்பட்டனர். 1972 முதல் ஷா ஆலாமில் டயர் செய்துவந்த குட்இயர் ஆலை 2024இல் மூடப்பட்டது. 550 பேர் வீடு திரும்பினர். ரப்பர் தந்த நாட்டிலேயே டயர் ஆலை மூடப்பட்டது கண்டு நாம் வருந்தினோம். அன்று யங்ஸ்டவுனுக்காக வருந்தாத நாம், இன்று நமக்காக மட்டும் நீதி கேட்டால் அது நீதியாகுமா? மறுகரையில் இருந்தவனும் தொழிலாளியே என்று ஒப்புக்கொண்ட பிறகே நம் முறையீட்டிற்கு வலிமை வரும்.

இன்னொரு கரையும் நம் வாயிலிலேயே உள்ளது. வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் இன்று நம் ஆலைகளில் உழைக்கின்றனர். இங்கே வேலை பெறுவதற்கென்றே முகவரிடம் பெருங்கடன் பட்டு வந்தோர் அவர்களில் பலர். மலேசியாவின் பெரிய ரப்பர்க் கையுறை நிறுவனம் ஒன்றன் பொருள்களுக்கு, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைச் சுட்டி 2020இல் அமெரிக்கா தடை விதித்தது. முகவர் கட்டணம் தொழிலாளர்க்குத் திருப்பித் தரப்பட்ட பிறகு 2021இல் தடை நீங்கியது. கங்காணிக்குக் கடன்பட்டு வந்தோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம், இக்காட்சியைப் பார்த்தும் பாராதவர்போல் இருத்தல் தகுமா?

‘இவ்வாறெல்லாம் சுமையேற்றினால் நிறுவனங்கள் அண்டை நாட்டிற்கு ஓடிவிடுமே’ என்று ஒருவர் கேட்கலாம். அச்சம் நியாயமானதே. சிறிய நாடு தனித்து நின்று பெரிய நிறுவனத்தைக் கட்டுப்படுத்துதல் அரிது. ஆயினும், சுமையை ஒருவர் தோளிலேயே வைக்க வேண்டியதில்லை. மலேசியாவில் 1980ஆம் ஆண்டு விதிமுறைகள், சட்டம் குறிக்கும் ஊழியர்க்குப் பணிக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்குப் பத்து முதல் இருபது நாள் சம்பளத்தை ஆட்குறைப்பு இழப்பீடாக விதித்தன. 2018இல் முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து செலுத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம் தொடங்கியது. ஆட்குறைப்பு இழப்பீட்டைச் சட்டத்தால் கட்டாயமாக்காத சிங்கப்பூரும், வேலையிழந்தோர்க்குப் புதுவேலை தேடும் காலத்தில் 6,000 வெள்ளி வரை உதவும் திட்டத்தை 2025இல் கொண்டுவந்தது. இவற்றால் எந்நாடும் வறிதாகவில்லை. அமெரிக்காவோ, வாணிகத்தால் வேலையிழந்தோர்க்கென 1962இல் வகுத்த உதவித் திட்டத்தில் புதியோரைச் சேர்ப்பதை 2022இல் நிறுத்திவிட்டது. செல்வம் மிகுந்த நாடு கடனை மறக்கலாம். செல்வம் குறைந்த நாடு நினைவில் வைக்கலாம். இது வளத்தை விட மனத்தைப் பொறுத்தது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றலாம். நாம் மாணவரை ஒரு வேலைக்கு ஆயத்தம் செய்கின்றோம். அவ்வேலை அவர் நாற்பது வயதை எட்டும்போது வேறு கரைக்குப் போயிருக்கலாம். ஆகவே, மீண்டும் கற்கும் ஆற்றலை அவர்க்குத் தருதல் நம் முதற்கடன். ஆனால், அது மட்டும் போதாது. திறன் வளர்த்துக்கொள், தப்பித்துக்கொள் என்று மட்டும் சொல்லித் தந்தால், வேலையிழந்த ஒவ்வொருவனும் தன் குற்றத்தாலேயே இழந்தான் என்று எண்ணும் தலைமுறை உருவாகும். அவர்களுள் சிலர் நாளை மேலாளராகி, ஆலையை மூடும் ஆணையில் கையெழுத்திடவும் கூடும். அத்தாளில் எண்களாகக் காணப்படுவோர் தம் தாயையும் பாட்டனையும் போன்றவர் என்று அன்று அவர்கள் உணர வேண்டும். கையெழுத்திடாமல் இருக்க அவர்களால் இயலாமற் போகலாம். ஆனால், எவ்வளவு முன்னதாகச் சொல்வது, எத்துணை ஈடு தருவது, யாரை மறுபயிற்சிக்கு அனுப்புவது என்பன அவர்கள் கையில்தான் இருக்கும். அவ்வேளையில் நினைவுக்கு வரும்படி இன்றே கற்பிக்க வேண்டிய பாடம் இது.