வாக்களிக்க மறுப்பதும் உரிமையே

1932இல், இன்றைய கேரளத்தின் தென்பகுதியில் இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் அரசு சட்டசபைச் சீர்திருத்தத்தை அறிவித்தபோது வாக்குரிமை பெரும்பாலும் நிலவரியை ஒட்டியே நின்றது. நிலம் எந்தச் சமுதாயத்திடம் இருந்ததோ, அவையிலும் அதற்கே இடம். ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஒன்றுசேர்ந்து தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று அதற்குப் பெயர். 1935இல் கோழஞ்சேரியில் ஆற்றிய உரைக்காக அதன் தலைவர்களுள் ஒருவரான சி. கேசவன் சிறை சென்றார். அந்த நாட்டின் அரசியலில் நடந்த பெரிய அறச்செயல்களுள் ஒன்று, வாக்களிக்காமல் இருந்ததுதான்.

தனிமனித சுதந்திரவாதிகளுக்கு இது உவப்பான வரலாறு. உடலும் உழைப்பும் மனச்சாட்சியும் அரசு தோன்றுமுன்பே மனிதருடையவை. வாக்குப்பெட்டி அவற்றைத் தரவும் இல்லை, பறிக்கவும் கூடாது என்பது அவர்கள் வாதம். அமெரிக்கரான லைசாண்டர் ஸ்பூனர் 1870இல் இன்னும் ஒருபடி போனார். ஒருவர் வாக்களித்தார் என்பதால் ஆளப்படச் சம்மதித்தார் என்று ஆகாது, தற்காப்புக்காகவும் வாக்களித்திருக்கலாம் என்றார். தலைகள் அதிகம் என்பதற்காகப் பிறர் உரிமையில் கைவைக்கும் நியாயம் யாருக்கும் வந்துவிடாது. இதுவரை அவர்கள் சொல்வது சரியே.

வரி கட்டுவோருக்கே வாக்கு என்று அவர்களில் சிலர் சொல்லும்போதுதான் சிக்கல். திருவிதாங்கூர் அதைச் செய்தே பார்த்துவிட்டது. நிலம் வைத்துக்கொள்ளச் சாதி விடாதவர்களுக்கு வாக்கும் கிடைக்கவில்லை. அவர்களின் முன்னோர் தங்கள் தலைக்கே வரி கட்டியவர்கள். சொத்து யாரிடம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்காமல் வாக்கை அதனோடு முடிச்சுப்போடுவது, பழைய அநீதிக்குப் புதுப் பட்டா கொடுப்பது. தலித் தலைவர் அய்யன்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபை என்னும் அவைக்குள் நுழைந்ததே நியமன உறுப்பினராகத்தான். அங்கே அவர் தம் மக்களுக்காகக் கேட்டவை நிலமும் பள்ளிக்கூடமும்.

திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிந்ததும், 1936 நவம்பர் 12இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில்கள் திறந்ததும் மன்னர் ஆணைகளால். யாரும் வாக்களித்து வந்தவை அல்ல. அந்த ஆணைகளுக்கு முன்பும் அம்மக்களுக்கு அவ்வுரிமைகள் இருந்தன; கேட்டுப் பெற வழியில்லாமல் தலைமுறைகள் போயின. உரிமை வாக்கிலிருந்து பிறக்கவில்லை என்றாலும், வாக்கில்லாதவர்களால் அதைக் காத்துக்கொள்ள முடியவில்லை. நிவர்த்தனக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. வாக்குரிமை விரிந்த பிறகு, 1937 தேர்தலில் வாக்களித்து வென்றார்கள்.

குஜராத் சட்டசபை 2009இல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2015இல் உயர் நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தத் தடை விதித்தது. நல்ல தடை. அப்படியொரு சட்டம் 1932இல் இருந்திருந்தால் நிவர்த்தனக்காரர் அத்தனை பேரும் குற்றவாளிகள். சோம்பலால் வீட்டில் இருப்பவர் அவர்களுக்குரிய மரியாதையைக் கோர முடியாதுதான்; அதற்காக அவரைத் தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கு இல்லை.

2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், எந்த வேட்பாளரும் வேண்டாம் என்று பதியும் நோட்டா பொத்தான் வந்தது. அதற்கு எத்தனை வாக்கு விழுந்தாலும் வேட்பாளர்களில் முன்னிற்பவரே சட்டமன்றம் போகிறார். மகாராஷ்டிரமும் ஹரியானாவும் 2018இல் தங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று விதித்தன. கேரள உள்ளாட்சித் தேர்தலில் நோட்டாவே கிடையாது. திருவனந்தபுரம் மாநகராட்சியின் ஸ்ரீவராகம் பகுதியில் வாழ்பவர் சட்டமன்றத் தேர்தலில் தம் மறுப்பைப் பதியலாம். தம் தெருவையும் குப்பையையும் கவனிக்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும்போது பதிய முடியாது. நிவர்த்தனம் நடந்த மண்ணில் அந்தப் பொத்தான் வார்டு வரைக்கும் வர வேண்டும், மறுதேர்தல் விதியோடு.