பூச்சூடாத கை தொடுத்த மாலை!

கார்த்திகை சோமவாரம். வேலூர் கோட்டையில் ஜலகண்டேஸ்வரரைத் தரிசித்துவிட்டு, பாகாயத்தில் இருக்கும் வாசகி ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். ''காபி சாப்பிட்டுத்தான் போகணும்'' என்று அன்புக் கட்டளை!

மொட்டை மாடியில் துளசியும் செம்பருத்தியும் பளிச்சென்று இருந்தன. ஓரத்தில் ஒரு மண் தொட்டி மட்டும் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. குண்டுமல்லிச் செடி. இலையெல்லாம் மஞ்சள், பாதிக் கிளைகள் காய்ந்த குச்சி. மழையின் புண்ணியத்தில் உயிர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

''ஏம்மா, இதை மட்டும் இப்படி விட்டுட்டீங்க?'' என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்... ''அவர் வாங்கிட்டு வந்து வெச்ச செடிம்மா. அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. 'இனிமே உனக்கு எதுக்கு மல்லிச் செடி'ன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க. நான் பறிச்சு சாமிக்குப் போட்டாக்கூட ஆகாதாமே! அப்படியாம்மா?''

அந்த 'அப்படியாம்மா' என்னை உலுக்கிவிட்டது. அவருக்குச் சொன்ன பதிலை நம் வாசகியர் அனைவருக்கும் சொல்லத் தோன்றியது.

திலகவதியார் காட்டிய வழி

திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்கு மகளாகப் பிறந்தவர் திலகவதியார். அவருக்கும் சேனைத் தலைவரான கலிப்பகையாருக்கும் திருமணம் பேசி முடித்திருந்தனர். அந்த நேரத்தில் தந்தை மறைந்தார். தாயும் பின்தொடர்ந்தார். போருக்குச் சென்ற கலிப்பகையாரும் களத்திலேயே உயிர் நீத்தார். மாலை மாற்றவில்லை, ஆனாலும், 'மனத்தால் அவருக்கே உரியவள் நான்' என்று உயிரை விடத் துணிந்தார் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுததால், அவருக்காக உயிர் தாங்கினார்.

பின்னாளில் அந்தத் தம்பியும் சமண சமயம் சேர்ந்து அக்காவைப் பிரிந்தார். யாருமற்ற நிலையில் அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? இன்றைய பண்ருட்டிக்கு அருகில் இருக்கும் திருவதிகை வீரட்டானம் சென்றார். விடியும் முன்பே எழுந்து திருக்கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், பூப்பறித்து மாலை தொடுத்து ஈசனுக்குச் சாற்றினார். பெரியபுராணம் சொல்லும் வரலாறு இது.

தன் கூந்தலில் பூச்சூடாத கைகள் தொடுத்த மாலையை, 'ஆகாது' என்று ஈசன் தள்ளினாரா? இல்லையே! தம்பி சூலை நோயால் துடித்து வந்தபோது, அந்தக் கைகள் கொடுத்த திருநீறுதான் அவரைத் திருத்தொண்டுக்கு ஆளாக்கியது. திருநாவுக்கரசர் என்ற மாபெரும் அடியாரை நமக்குத் தந்தது அந்த அக்காவின் தவம்!

சகோதரிகளே, பூச்சூடுவது மங்கலத்தின் அடையாளம். பூத்தொடுப்பதோ தொண்டு. முன்னதற்கு ஊர் ஆயிரம் வழக்கம் சொல்லலாம். பின்னதற்கு அன்பைத் தவிர வேறு தகுதி தேவையில்லை.

தொட்டியும் ஒரு நந்தவனமே!

''சரிம்மா, இந்தச் செடி இனி பிழைக்குமா?'' என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நிச்சயம் பிழைக்கும்! மல்லிகையைக் கவாத்து செய்ய ஏற்றதே நவம்பர் கடைசி வாரம்தான். காய்ந்த குச்சிகளை நீக்கி, மற்ற கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால், மல்லிகை புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும், வெட்டினால்தான் துளிர்க்கும்.

செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றும் சம அளவில் கலந்த மண் போதும். தொட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். நிழலில் இலைதான் வரும், பூ வராது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

இந்தப் பக்கத்துப் பெண்மணிகள் கவனிக்க வேண்டியது தண்ணீரை! தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் கெட்டது, 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த விஷயம். உப்பான போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி மண்ணில் வெள்ளை பூக்கும்; இலை நுனி கருகும். ஆர்.ஓ. கருவி கழித்துத் தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம்; அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். அரிசி களைந்த தண்ணீரும் நல்லது. புது இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளிக்கலாம்.

சூரியன் உதிக்கும் முன் நீராடி, மலராத மொட்டாகப் பறியுங்கள். முகர்ந்து பார்க்காமல் தொடுத்துச் சாற்றுங்கள். மறுநாள் எடுக்கும் நிர்மால்யத்தைக் குப்பையில் போடாமல், அதே தொட்டி மண்ணில் புதைத்துவிடுங்கள். கால் படாது, எருவாகவும் ஆகும்.

மீண்டும் ஏற்றிய விளக்கு

வேலூர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜலகண்டேஸ்வரரின் கருவறையே நெடுங்காலம் பூஜையின்றி இருந்ததுதானே! சத்துவாச்சாரியில் இருந்த சிவலிங்கத்தை 1981, மார்ச் 16-ல் கோட்டைக்குள் மீண்டும் எழுந்தருளச் செய்தார்கள். விளக்கு எரிந்தது, மாலை ஏறியது. நின்றுபோன வழிபாட்டை ஈசனே மீண்டும் ஏற்கும்போது, நின்றுபோன ஒரு தொட்டிச் செடிக்கு என்ன தடை?

பங்குனியில் அந்த அம்மாவிடமிருந்து போன். ''இன்னிக்கு ஒரு முழம் தேறிச்சும்மா! நானே தொடுத்து, கோட்டைக்கு எடுத்துட்டுப் போய் அகிலாண்டேஸ்வரி அம்மனுக்குக் கொடுத்தேன். அவர் வெச்ச செடி ஆச்சே... அவரும் கூட வந்த மாதிரி இருந்துச்சு'' என்றார். குரல் தழுதழுத்தது.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு அம்மா இருக்கலாம். 'எனக்கு எதுக்குப் பூச்செடி' என்று ஒதுங்கியிருக்கலாம். வரும் வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ''பூஜைக்குப் பூத்தொடுக்கணும். கொஞ்சம் வாங்கம்மா'' என்று கூப்பிடுங்கள். அம்பிகை அந்த மாலையை ஆசையோடு ஏற்பாள்!