யாருடைய அம்பு?

அர்ச்சுனனும் ஒரு வேடனும் காட்டுப்பன்றிக்காகச் சண்டை போட்ட கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தவம் செய்கிறவனைக் கொல்ல மூகாசுரன் பன்றியாகப் பாய்ந்து வருகிறான். அர்ச்சுனன் ஓர் அம்பு விடுகிறான். வேடனாக வந்த சிவனும் ஓர் அம்பு விடுகிறார். இரண்டும் ஒரே பன்றியில் தைக்கின்றன. கொன்றது யாருடைய அம்பு என்று தொடங்கிய வாக்குவாதம் கட்டிப்புரளுவதில் போய் முடிகிறது. தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில்களில் தபசு மரம் நட்டு இதைக் கூத்தாகவே நடத்துவார்கள். அர்ச்சுனனுக்குச் சிவனிடம் பாசுபத அஸ்திரம் கிடைத்தது என்பதோடு பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த வாக்குவாதம். கொன்றது நான் என்று சொல்ல ஒருவனுக்கு என்ன உரிமை? நான் இல்லை என்று சொல்லத்தான் என்ன உரிமை?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. கோலாலம்பூர் – சிங்கப்பூர் பழைய சாலையும் பத்து பகாட் – குளுவாங் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஆயர் ஈத்தாமில், பூச்சட்டிக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் செம்பனை நிலம். மறுநடவு செய்த கன்றுகளின் குருத்தைப் பன்றிகள் கிளறித் தின்றுவிடும். குருத்து போனால் கன்று போயிற்று. அதற்காகத்தான் என் பெயரில் லைசென்ஸ் எடுத்து ஒரு செனாப்பாங் பாத்தா வைத்திருக்கிறேன், நடுவில் மடக்கித் தோட்டா போடுகிற வேட்டைத் துப்பாக்கி. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி மலேசியாவில் லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது.

சர்க்கரை நோய் என் வலக்கண்ணின் நடுப்பார்வையைக் கொண்டுபோய்விட்டது. கைத்துப்பாக்கியானால் கையை நீட்டி எந்தக் கண்ணாலும் குறி பார்க்கலாம். நீளத் துப்பாக்கி அப்படி விடாது. கட்டையில் கன்னம் படிய வேண்டும், அந்தக் கன்னத்துக்கு மேலிருக்கும் கண்ணே குழலோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஆகவே கண் மாறினால் தோளும் மாறியாக வேண்டும்.

தோள் மாறினால் உடம்பே மாறுகிறது. வலக்கால் முன்னே வருகிறது. இத்தனை காலம் விசை இழுத்த வலக்கை இப்போது குழலைத் தாங்குகிறது. பாரம் தாங்க மட்டுமே தெரிந்த இடக்கையின் விரல், இழுப்பதற்குப் பதில் வெடுக்கென்று பறிக்கிறது. கட்டையும் ஒத்துழைப்பதில்லை. வலத்தோள்காரர்களுக்காகச் சற்றே வலப்பக்கம் வளைத்துச் செய்த கட்டை இது, இடக்கன்னத்தை முட்டுகிறது. மடக்குத் துப்பாக்கியாக இருப்பது ஒரு நல்ல காலம். வலப்பக்கம் காலித் தோட்டாவை உமிழும் தானியங்கியானால் அது என் முகத்துக்குக் குறுக்கே பறக்கும். வீட்டில், குழல் காலி என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, கண்ணை மூடித் துப்பாக்கியை இடத்தோளுக்கு ஏற்றுகிறேன். பிறகு கண்ணைத் திறந்து, குழல்முனை மணி நேரே நிற்கிறதா என்று பார்க்கிறேன். பயிற்சி இவ்வளவுதான். இதுவே கழுத்தையும் முதுகையும் வலிக்க வைக்கிறது.

இதில் எனக்குப் புலப்பட்டது இது. வலத்தோளில் பன்றியைக் கண்டதற்கும் வெடித்ததற்கும் நடுவில் நான் என்று யாரும் இருக்கவில்லை. பழக்கம் சுட்டது. இடத்தோளில் காலுக்கு ஒரு கட்டளை, கன்னத்துக்கு ஒரு கட்டளை, விரலுக்கு ஒரு கட்டளை. ஒவ்வொன்றிலும் நான் நிற்கிறேன். திறமை குறைந்த இடத்தில்தான் செயல் முழுக்க என்னுடையதாக இருக்கிறது.

கோயிலில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். “ஏன் தம்பி மனசப் போட்டு வாட்டிக்கிற? சுடுறது நீ இல்ல, அவன். கருவிக்கு ஏது பாவம்?” என்றார். கீதையின் 11ஆம் அத்தியாயத்தை மனத்தில் வைத்துத்தான் சொன்னார். அங்கே 33ஆம் சுலோகத்தில், நீ வெறும் கருவியாக நில் என்று கண்ணன் சொல்கிறான். யாரிடம் சொல்கிறான்? இடக்கையாலும் பிசகாமல் எய்ய வல்ல சவ்யசாசியிடம். அந்த இடத்தில் கண்ணன் அர்ச்சுனனை அந்தப் பெயராலேயே அழைக்கிறான். கடமையால் விலக முடியாத களத்தில், இரு கையும் தேர்ந்தவனுக்குச் சொன்ன வார்த்தை அது. விரல் நடுங்குகிறவன் அதில் ஒதுங்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். குறி பிசகினால் ரவை வயிற்றில் பாயும். பன்றி வடிகாலைத் தாண்டி ஓடிப் புதருக்குள் கிடந்து மெல்லச் சாகும். அதையும் இறைவன் கணக்கில் எழுதுவது பக்தி ஆகாது.

ஹங்கேரி ராணுவ வீரர் கரோய் தக்காச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கையில் படுகாயம் அடைந்தார். இடக்கையால் பழகி 1948இல் லண்டனிலும் 1952இல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தெம்பு வருகிறது. ஆனால் அவர் சுட்டது உயிரில்லாத இலக்கை.

எனக்கு வழிகாட்டி கண்ணப்பர். திண்ணனாராக இருந்தபோது ஒரு காட்டுப்பன்றியைத் துரத்தித்தான் அவர் காளத்தி மலையடிக்கு வந்தார். கொன்றதை அவர் யார் தலையிலும் போடவில்லை. தானே வீழ்த்தி, தானே பக்குவம் பண்ணி, ருசி பார்த்து இறைவனுக்குக் கொண்டுபோனார். ஆனால் வில்லாளிக்கு முதலான கண்ணை, கேட்காமலே அம்பால் தோண்டிக் கொடுத்தார். திறனைக் கொடுத்தார், செயலைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். பன்றிக்காக வேடனோடு மல்லுக்கு நின்ற அர்ச்சுனன் பற்றியிருந்ததோ தன் திறனை.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று பிரிக்கிறது. பன்றி சாவது அதன் பிராரத்தமாக இருக்கலாம். அதை நான் சுடுவது இன்று நான் புதிதாய்ச் சேர்க்கும் ஆகாமியம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கழிக்க முடியாது.

அதனால் இப்போது தோட்டத்துக்குத் தோட்டாவோடு போவதில்லை. கன்றுகளைச் சுற்றிக் கம்பிவலை கட்டியிருக்கிறேன். பக்கத்து நிலத்துச் சீனத் தவுக்கே வேலியோரம் நின்று, “வலையெல்லாம் பன்றிக்கு எம்மாத்திரம்?” என்கிறார். அவர் சொல்வது சரி, வலைக்குள்ளும் கன்றுகள் போகத்தான் செய்கின்றன. போன இடத்தில் வேறு கன்று வைக்கிறேன். சுடுதளத்தில் என் இடத்தோள் அட்டையைத் தப்பாமல் அடிக்கிற வரைக்கும் இப்படித்தான். பெரியவரிடமும் இதையே சொல்லிவிட்டேன்.