அபயம் பெற்று வந்தவரின் இரத்தம்

ஃபிக்ஹு கிதாபுகளில் 'அமான்' என்றொரு பாடம் உண்டு. அந்நியர் ஒருவர் நம் நாட்டில் அச்சமின்றித் தங்குவதற்கு நாம் அளிக்கும் அபயமே அமான். மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) அவர்கள் அளித்த அபயத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தாமே அளித்ததாக ஏற்றுக்கொண்டார்கள். இன்று பாஸ்போர்ட்டில் குத்தப்படும் விசா முத்திரையும் அமானே என்று உலமாக்கள் பலர் கூறியுள்ளனர். முத்திரை குத்தியவர் சாதாரண குமாஸ்தாவாக இருந்தாலும் பொறுப்பு நாடு முழுவதையும் சாரும்.

இத்தாலிய ஆராய்ச்சி மாணவர் ஜூலியோ ரெஜேனி எகிப்தின் தொழிற்சங்கங்களைப் பற்றி ஆராயக் கெய்ரோ சென்றிருந்தார். 2016 ஜனவரி 25-ல் காணாமற்போனார். பிப்ரவரி 3-ல் நெடுஞ்சாலை ஓரத்தில், சித்திரவதைக் காயங்களோடு அவர் சடலம் கிடைத்தது. மூக்கின் நுனியைப் பார்த்துத்தான் மகனை அடையாளம் கண்டதாகப் பெற்ற தாய் கூறினார். முதலில் சாலை விபத்து என்று சொல்லப்பட்டது. பிறகு, கொள்ளைக் கும்பலின் செயல் என்றார்கள். அந்தக் கும்பல் எனப்பட்ட ஐவரையும் போலீசார் முன்பே சுட்டுக் கொன்றுவிட்டிருந்தனர்! இத்தாலி அதை நம்பவில்லை. ஏப்ரலில் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இதைச் சொன்னால் நம்மவர் சிலர், "ஈராக்கில் நம் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது எந்த நாடு தூதரைத் திரும்ப அழைத்தது? ஒரு வெள்ளைக்காரருக்காக ஒரு முஸ்லிம் நாட்டை ஏன் மிரட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அந்த வேதனை நியாயமானதே. ஆனால் மஹ்ஷரில் அது பதிலாகுமா?

ஹிஜ்ரீ 4-ல் பிஃரு மஊனாவில் குர்ஆனை ஓதிய ஸஹாபாக்கள் சுமார் எழுபது பேர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள். அதைத் தூண்டியவன் பனூ ஆமிர் தலைவன் ஆமிர் இப்னு துஃபைல். உயிர் தப்பித் திரும்பிய அம்ரு இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் வழியில் அதே பனூ ஆமிரைச் சேர்ந்த இருவரைக் கண்டு, பழி தீர்ப்பதாக எண்ணிக் கொன்றுவிட்டார்கள். அவ்விருவரும் நாயகம் (ஸல்) அவர்களிடம் அபயம் பெற்றிருந்தது அவர்களுக்குத் தெரியாது. எழுபது பேரை இழந்த துயரம் ஆறாத அந்த நேரத்திலும் அண்ணலார், 'நமக்கு இழைத்ததற்கு இது சரியாகப் போயிற்று' என்று கணக்குப் பார்க்கவில்லை. இருவருக்கும் இரத்த ஈடு கொடுக்க முன்வந்தார்கள். உடன்படிக்கை பெற்றவரைக் கொன்றவர் சுவனத்தின் வாடையைக்கூட நுகரமாட்டார் என்ற எச்சரிக்கையும் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

இத்தாலி மட்டும் கடைசி வரை உறுதியாக நின்றதா? அதுவும் இல்லை. 2017-ல் தூதர் மீண்டும் கெய்ரோ சென்றார். 2020-ல் எகிப்துக்குப் போர்க்கப்பல் விற்பனையும் நடந்தது. பெற்றோர் நீதி கேட்டுக்கொண்டே இருந்தனர். கொல்லப்பட்டவரின் வாரிசுக்கே அதிகாரம் என்கிறது திருமறை (17:33). மன்னிப்பதானாலும் அவர்கள்தான் மன்னிக்க வேண்டும். அவர்களுக்காக வாதாட வந்த அரசாங்கம் அந்த உரிமையை வாணிபத்துக்கு விட்டுக்கொடுக்க யார்?

எகிப்தின் பாதுகாப்பு அதிகாரிகள் நால்வர்மீது ரோம் நகரில் வழக்கு நடக்கிறது. கொலையில் தன் அதிகாரிகளுக்குப் பங்கில்லை என்பது எகிப்தின் வாதம். சம்மன் அனுப்ப அந்நால்வரின் முகவரியைக் கேட்டும் கிடைக்காததால், 2021-ல் விசாரணை நின்றுபோய், 2024 பிப்ரவரியில்தான் மறுபடி தொடங்கியது. குற்றமற்றவர்களென்றால் அவர்கள் தரப்பைச் சொல்லவும் அதுதானே வழி? கேட்கப்பட்டது நான்கு முகவரிகள். ஒரு தபால் உறைக்குள் அடங்கியிருக்கும்.