கேளாத கேள்வி

மாமனார் விட்டுச்சென்ற உணவு மேசையை விற்க முடிவு செய்தோம். அசல் பர்மாத் தேக்கு. ஒரு கால் மட்டும் பலா மரம். கரையான் அரித்ததால் தச்சர் மாற்றிப் பொருத்தியது. மெருகேற்றிய பின் வேறுபாடு தெரியாது.

பழம்பொருள் வணிகர் நல்ல விலை கூறினார். "அவர் கேட்கவில்லை, நாமும் பொய் சொல்லவில்லையே, அம்மா" என்றான் மகன்.

அவன் இதனை வாய்மை பற்றிய வினாவாகவே கருதினான். ஆசாரியர் உமாசுவாமிகளோ தத்துவார்த்த சூத்திரத்தில், போலியைக் கலந்து விற்றலைக் கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக வைத்தார். கள்ள அளவைக்கு அடுத்த இடம் அதற்கு. நாவில் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் பலாவுக்குத் தேக்கின் விலை பெற்றால், அம்மிகுதி அவர் கொடுத்ததன்று, நாம் எடுத்தது. வகுப்பறையில் இதனை எளிதாகக் கற்பித்தவள்தான் நான். என் வீட்டுக் கூடத்தில் நா எழச் சற்று நேரமாயிற்று.

அந்தக் காலைக் காட்டினேன். விலையில் ஐந்திலொரு பங்கு குறைந்தது. மகன் முகம் வாடிற்று.

"நான் விற்கும்போது இதைச் சொல்ல மாட்டேன், அம்மா" என்று வணிகர் சிரித்தார். மேசையும் வண்டி ஏறிற்று. களவுக்குத் தூண்டுதலும் அவ்வைந்தனுள் ஒன்றே. அறிந்தும் அவரிடமே விற்றது அதில் அடங்குமோ என்று இன்றளவும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.