ஓதற் பிரிவும் இல்லற நீதியும்

பல்கலைக்கழக நூலகத்திலுள்ள பட்டப்பின் ஆய்வேடுகளைப் புரட்டுவோர் அவற்றின் முகப்பில் நன்றியுரை என்றொரு பக்கத்தைக் காண்பர். மேற்பார்வையாளருக்கும் நூலகருக்கும் தகவல் தந்து உதவியோருக்கும் நன்றி கூறிய பின்னர், ஈற்றிலே மனைவிக்கோ கணவனுக்கோ ஓரிரு வரிகள் ஒதுக்கப்பட்டிருக்கும். அவர் காட்டிய பொறுமைக்கும் செய்த தியாகத்துக்கும் ஆய்வாளர் கடமைப்பட்டிருப்பதாக அவ்வரிகள் கூறும். பொறுமை, தியாகம் ஆகிய இரண்டும் உயர்ந்த சொற்களே. ஆயினும் அப்பொறுமை எதன்பொருட்டு வேண்டப்பட்டது, அத்தியாகத்தைக் கேட்டவர் யார், செய்தவர் அதற்கு மனமுவந்து உடன்பட்டாரா என்னும் வினாக்களுக்கு அப்பக்கத்தில் விடை கிடைப்பதில்லை. மணம் புரிந்த ஒருவர் தமது படிப்பின் பொருட்டு வாழ்க்கைத் துணையிடமிருந்து எடுத்துக்கொள்ளும் காலம் கொடையா, கடனா, அன்றி உரிமையா? இவ்வினாவை ஒழுக்கவியல் நோக்கில் ஆராய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழுக்கு இவ்வினா புதியதன்று. தொல்காப்பியர் அகத்திணையியலிலே தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களைக் கூறுமிடத்து ஓதல், பகை, தூது என்பவற்றைக் குறிப்பிடுகின்றார். அவற்றுள் ஓதலும் தூதும் உயர்ந்தோர்க்கு உரியன என்றும் வரையறுக்கின்றார். கல்வியின் பொருட்டுப் பிரிதல் அறத்தோடு பொருந்தியது என்பதை எமது இலக்கண மரபு ஏற்றுக்கொண்டுள்ளது. அதேவேளை, கற்பியலில் அப்பிரிவுக்கு ஓர் எல்லையும் வகுக்கப்பட்டுள்ளது. வேந்தன் பணிக்காகப் பிரியும் பிரிவு ஓராண்டுக்கு உட்பட்டது. கல்விக்காகப் பிரியும் பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது. ஓதச் செல்பவன் ஆண், இல்லிருந்து ஆற்றுபவள் பெண் என்று கொள்ளும் அக்காலச் சமூக நோக்கு இன்று எமக்கு உடன்பாடானதன்று. எனினும் எல்லை வகுத்தமையில் ஆழ்ந்ததோர் ஒழுக்கக் கருத்து உளது. கற்பவனுக்குக் காலம் வேண்டும் என்பதை அறிந்த இலக்கணகாரர், காத்திருப்பவளின் காலமும் காலமே என்பதை மறந்தாரல்லர்.

எல்லை பொய்த்துப்போன பிரிவொன்றை அண்மைக்கால வரலாற்றிலே காண்கின்றோம். கணித மேதை இராமானுஜன் 1909இல் ஜானகியை மணந்தார். 1914இல் தனியே கப்பலேறி இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகவிருந்து 1916இல் பட்டமும் பெற்றார். போர்க்காலக் கடற்பயண நெருக்கடியும் நோயும் சேர்ந்து அவரை அங்கேயே நிறுத்தின. 1919இல் தாயகம் திரும்பியவர் அடுத்த ஆண்டு ஏப்ரலில் 32 வயதில் மறைந்தார். பதினொரு ஆண்டு மணவாழ்வில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கடலுக்கு அப்பால் கழிந்தன. எஞ்சிய இறுதி ஆண்டு நோய்ப்படுக்கையில் கழிந்தது. ஜானகி அம்மையாரோ தையற்றொழில் செய்து வாழ்ந்து, 1994 வரை உயிரோடிருந்தார். இராமானுஜனைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. அவர் தந்த கணிதம் உலகின் செல்வம். அச்செல்வத்தின் விலையில் ஒரு பங்கினை, கணிதம் பயிலாத ஓர் இளம்பெண் செலுத்தினாள் என்பதும் அவ்வரலாற்றில் அடங்கிய உண்மையே. அவளது சம்மதத்தை எவரும் நாடியதாகத் தெரியவில்லை.

இன்று கடல் கடவாமலே ஓதற் பிரிவு நிகழ்கின்றது. ஒரே கூரையின் கீழ், ஒரே விளக்கொளியில் அது நிகழ்கின்றது என்பதே எமது காலத்தின் புதுமை. நான் அறிந்த குடும்பமொன்றை இங்கு எடுத்துக்காட்டலாம். கணவர் முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்பவர். மனைவி பாடசாலை ஆசிரியை. இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. நான்கு வயதில் ஒரு பிள்ளை. அவ்வீட்டின் இன்பதுன்பங்களை நிருணயிப்பது மேற்பார்வையாளரின் பேனா எனலாம். அத்தியாயம் ஒன்று நன்றாக அமைந்துள்ளது என்று சொல்லப்பட்ட அன்று, கணவர் வரும் வழியிற் பேக்கரியில் பணிஸ் வாங்கி வருவார். பிள்ளையைத் தோளில் ஏற்றி முற்றத்தில் நடப்பார். இரவு வெகுநேரம் வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பர். அதே அத்தியாயம் சிவப்பு மையால் நிறைந்து திரும்பும் நாளில் வீட்டிலே சோறு பரிமாறும் ஒலியன்றி வேறொலி இராது. உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு மனைவியும் பிள்ளையும் மட்டுமே போவர். வந்தோரெல்லாம் "அவர் வரேல்லையோ?" என்று கேட்க, அவளே ஏதேனும் காரணம் சொல்லிச் சமாளிப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரைநாள் லீவு எடுப்பவளும் அவளே. இவை எவையும் பெருந்துன்பங்கள் அல்ல. கணவர் குடிப்பவரல்லர், கடுஞ்சொல் கூறுபவருமல்லர். மனைவி எதைக் கேட்டாலும் அவர் தரும் விடை ஒன்றே: "இந்த அத்தியாயம் முடியட்டும், பாப்பம்."

இவ்விடையே ஆராயத்தக்கது. இதில் மறுப்பு இல்லை. ஆகவே சண்டைக்கு இடமில்லை. இதில் நாளும் குறிக்கப்படவில்லை; ஆகவே வாக்குத் தவறியதாகக் குற்றஞ்சாட்டவும் இயலாது. மனைவி தானும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தாள். மூன்று வருடங்களாக அவ்விண்ணப்பம் 'அடுத்த வருடத்துக்கு' ஒத்திவைக்கப்பட்டு வருகின்றது. ஒத்திவைக்கும்படி கணவர் ஒருபோதும் கூறியதில்லை. வீட்டில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது மற்றவரும் படிக்கத் தொடங்கினால் உலை வைப்பது யார் என்பதை அவளே கணக்கிட்டு அறிந்துகொண்டாள். அநீதி பல வேளைகளிலும் எவரும் கட்டளையிடாமலே நிகழ்கின்றது என்பதற்கு இது நல்லதோர் உதாரணமாகும்.

நெருக்கடிக் காலங்கள் இத்தகைய கணக்குகளை வெளிச்சமிடுகின்றன. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். மின்சாரம் வரும் சில மணித்தியாலங்கள் ஆய்வாளருக்குப் பொன்னானவை. மடிக்கணினி உயிர்பெறும் நேரம் அதுவே. அதே மணித்தியாலங்கள்தாம் நீர் இறைப்பதற்கும் சீருடை அழுத்துவதற்கும் தேங்காய் அரைப்பதற்கும் உரியன. ஒரு மணித்தியால மின்சாரம் இருவருக்கும் தேவைப்படும்போது எவருடைய தேவை பெரிது? அறிவின் பணி உயர்ந்தது, அடுக்களைப் பணி தாழ்ந்தது என்று விடையிறுப்போர், மறுநாட் காலையில் உண்ணாமற் செல்லச் சித்தமாயிருத்தல் வேண்டும்.

இனி, படிப்பவர் மனைவியாகவிருப்பின் நிலைமை யாது? இன்று கலைப்பீடங்களிற் பயில்வோருட் பெரும்பான்மையினர் பெண்களே. அவர்களுட் சிலர் மணம் புரிந்த பின்னரும் கலாநிதிப் பட்ட ஆய்வினைத் தொடர்கின்றனர். நான் அறிந்த இன்னொரு வீட்டில், அலுவலகத்திலிருந்து திரும்பும் கணவர் மாலையில் இடியப்பம் பிழிவார்; பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்ப்பார். அயலவர் அவரைத் தெய்வத்துக்கு நிகராகப் போற்றுகின்றனர். முன்னைய வீட்டில் இதே வேலைகளைச் செய்யும் ஆசிரியையை எவரும் போற்றியதில்லை. மேலும், பின்னைய வீட்டுப் பெண்ணின் ஆய்வு தாமதமாகும்போது, குடும்பத்தைக் கவனிக்காமல் இப்படிப்பு எதற்கு என்ற வினா எழுகின்றது. முன்னைய வீட்டு ஆணின் ஆய்வு தாமதமாகும்போது, வீட்டில் அமைதியில்லைப் போலும் என்ற அனுதாபம் எழுகின்றது. ஒரே செயலுக்கு இரு தராசுகள் பயன்படுத்தப்படுமாயின், பிழை செயலில் இல்லை, தராசிலேயே உளது. எனவே இல்லறத்தில் நீதி யாது என்பதை ஊராரின் புகழ்ச்சியைக் கொண்டோ இகழ்ச்சியைக் கொண்டோ தீர்மானித்தல் இயலாது.

வேதாந்த நூல் வரலாற்றிலே கர்ணபரம்பரைக் கதையொன்று வழங்குகின்றது. சங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்துக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர், எழுத்திலே தம்மை மறந்து ஆண்டுகள் பலவற்றைக் கழித்தாராம். இரவுதோறும் விளக்குக்கு எண்ணெய் வார்த்த பெண்ணை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. உரை முற்றுப்பெற்ற இரவிலேதான் நீ யார் என்று வினவினாராம். நான் உங்கள் மனைவி என்றாள் அவள். அவளது தலை அப்போது நரைத்திருந்தது. மனமுருகிய வாசஸ்பதியார் தம் உரைக்கு அவளது பெயரையே சூட்டினார். 'பாமதி' என்னும் அவ்வுரை இன்றும் கற்கப்படுகின்றது. இக்கதையை நன்றியறிதலின் சிகரமாகச் சொல்லுவோர் உளர். அவளுக்கு அழியாப் புகழ் கிடைத்தது உண்மையே. எனினும் அவள் இழந்தது புகழை அன்று, இளமையை. இழந்தது ஒன்று, ஈடாகக் கிடைத்தது வேறொன்று. அரிசி கடன்பட்டவர் பாட்டுப் பாடிக் கடன் தீர்த்தல் கூடுமா?

இங்கு நியாயமானதொரு மறுப்பு எழக்கூடும். ஆய்வு என்பது முழுமனத்தையும் வேண்டி நிற்பது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பெரும் நூல் எதனையும் எவரும் எழுதியதில்லை. அன்புள்ள இடத்தில் கணக்குப் பார்ப்பது அன்பையே கொச்சைப்படுத்துவதாகும் என்பர் சிலர். இம்மறுப்பின் முற்பகுதி ஏற்கத்தக்கதே. நாளொன்றின் மணித்தியாலங்களைச் சமமாகப் பங்கிடுமாறு எவரும் கேட்கவில்லை. பிற்பகுதியோ ஏற்கத்தக்கதன்று. கணக்குப் பார்க்கலாகாது என்ற நெறியை வழக்கமாக எடுத்துரைப்பவர் கடன்பட்டவரே. கடன் கொடுத்தவர் அல்லர். மனிதரை ஒருபோதும் வெறும் சாதனமாகக் கொள்ளாது நோக்கமாகவும் கொள்ளுதல் வேண்டும் என்று 1785இல் காண்ட் வகுத்த நெறி இங்கு பொருந்தும். துணைவர் ஒருவர் மற்றவருக்கு உதவுவது சாதனமாதல் அன்று. அவரது விருப்பமும் எதிர்காலமும் கேட்கப்படாமலே எடுத்தாளப்படும்போதுதான் அவர் சாதனமாகின்றார்.

ஜோன் ஸ்டுவர்ட் மில்லின் வாழ்க்கை இவ்விடத்துக் கருதத்தக்கது. 1859இல் வெளியான சுதந்திரம் பற்றிய தமது நூலை, முந்திய ஆண்டிலே காலமான மனைவி ஹரியற்றின் நினைவுக்கு அவர் சமர்ப்பணஞ் செய்தார். இச்சமர்ப்பணம் பலரும் அறிந்தது. எனினும் அதனினும் மேலான செயலொன்றை அவர் 1851இலேயே, மணவினைக்கு முன்னரே செய்திருந்தார். அக்கால ஆங்கிலச் சட்டம் மனைவியின் உடல்மீதும் உடைமைமீதும் கணவனுக்கு வழங்கிய அதிகாரங்களைத் தாம் ஏற்கவில்லை என எழுத்திலே அறிவித்தார். வாசஸ்பதியார் வாழ்வு முடியும் தறுவாயில் நன்றி கூறினார். மில் வாழ்வு தொடங்குமுன்னரே நீதியைப் பேசினார். நன்றி இறந்தகாலத்தை நோக்குவது. நீதி எதிர்காலத்தை நோக்குவது. இல்லறத்துக்கு இரண்டும் வேண்டும். ஆயின் நீதி இல்லாத இடத்து நன்றி வெறும் அலங்காரமாய் முடியும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துப் படிப்பின் பொருட்டுத் துணையின் காலத்தை எடுத்துக்கொள்ளுதல் அறமாவதற்கு மூன்று நிபந்தனைகள் புலனாகின்றன. முதலாவது சம்மதம். அது மணநாளில் ஒருமுறை பெறப்பட்டு முடிந்துவிடுவதன்று. வேலை மாறும்போதும் பிள்ளை பிறக்கும்போதும் ஆய்வுக்காலம் நீடிக்கப்படும்போதும் அது மீண்டும் கேட்கப்படல் வேண்டும். இரண்டாவது எல்லை. 'பாப்பம்' என்னும் சொல்லுக்குப் பதிலாக ஒரு திகதி சொல்லப்படல் வேண்டும். அத்திகதி தவறினால் அதற்கு விளக்கமும் சொல்லப்படல் வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு நாம் கால நீடிப்புக் கோரி விண்ணப்பம் எழுதுகின்றோம். வீட்டுக்கு ஏன் எழுதுவதில்லை? மூன்றாவது முறைமாற்றம். ஒருவரது படிப்பு முடிந்ததும் மற்றவரது படிப்போ, தொழிலோ, வெறும் ஓய்வோ தொடங்க இடமிருத்தல் வேண்டும். முன்னர் கூறிய ஆசிரியை ஒருநாள் விண்ணப்பத்தை நிரப்பும்போது, கணவர் உலை வைப்பாராயின் அவள் கொடுத்தது கடனாகும். அவள் வாழ்நாள் முழுவதும் காத்திருக்க நேரிடின் அது பறிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

இந்நிபந்தனைகள் ஆய்வுக்குத் தடையாகும் என்று அஞ்சவேண்டியதில்லை. மானிடவியலும் மெய்யியலும் இலக்கியமும் பயிலும் நாம் மனிதரைப் பற்றியே கற்கின்றோம். ஏட்டில் உள்ள மனிதரைக் கூர்ந்து நோக்கப் பழகிய கண்களுக்கு, எதிரே அமர்ந்து சோறு பரிமாறும் மனிதரின் முகம் தெரியாது போகுமாயின், அக்கல்வியில் ஏதோ ஒரு பாடம் விடுபட்டுள்ளது என்றே கொள்ளல் வேண்டும். எம்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் மணம் புரிவர். சிலர் ஆய்வு மாணவராகவும் ஆவர். அப்போது காலத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதை அவசரத்தில் தீர்மானிப்பதிலும், இப்போதே சிந்தித்துக்கொள்வது நன்று. பட்டம் ஒருவரது பெயரின் பின்னால் எழுதப்படுகின்றது. அதனை ஈட்டிய ஆண்டுகளோ இருவருடைய ஆயுளிலிருந்தும் கழிக்கப்படுகின்றன.